கரையாத பஞ்சு கரைந்த வரலாறு

மலாக்கா நகரை அடுத்து, நீரிணையை நோக்கி அமைந்திருப்பது கிளேபாங் கடற்கரை. 500 ஆண்டுகளுக்கு முன் அந்நீரிணை வழியே பாய் விரித்து வந்த கப்பல்களுள் பல, சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டவை. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கியிருந்த தோமே பிரேசு என்னும் போர்த்துகீசியர், இங்கு வாணிகம் புரிந்த தென்னாட்டு வணிகரைப் பற்றியும் அவர்கள் கொணர்ந்த துணி வகைகளைப் பற்றியும் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். பழவேற்காடு முதலிய துறைகளில் ஏற்றிய அத்துணிகளைக் கொடுத்தே கிராம்பையும் சாதிக்காயையும் சந்தனத்தையும் வாங்கினர். பொன்னும் வெள்ளியும் செல்லாத தீவுகளிலும் தென்னாட்டுத் துணி செல்லும் என்னும் நிலை அக்காலத்தில் இருந்தது.

அத்துணிகள் பெரும்பாலும் பருத்தித் துணிகள். பருத்தியோ, மெழுகும் மாசும் நீக்கிப் பார்த்தால், ஏறக்குறைய முழுவதும் ஒரே பொருளால் ஆனது. அப்பொருளை இன்று செல்லுலோஸ் என்கிறோம். பழந்தமிழர் இப்பெயரை அறியார். ஆயினும் அப்பொருளோடு அவர்களுக்கு இருந்த உறவு நெருக்கமானது. எழுதும் ஏட்டுக்கும் உடுக்கும் ஆடைக்கும் அடிப்படையான இழைக்கும் 'நூல்' என்னும் ஒரே சொல்லை அவர்கள் வழங்கினர். இப்பொருத்தத்தை நன்னூலார் பாயிரத்தில் ஓர் உவமையாகவே விரித்துக் காட்டுவார். சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாய் அவள் கையாகவும், அவன் அறிவு கதிராகவும் அங்கே ஆகின்றன. தமிழாசிரியர் வகுப்பில் ஆண்டுதோறும் விளக்கும் பகுதி அது.

அவ்வுவமையில் ஒரு நுட்பம் உண்டு. பஞ்சு இழையாகிறது, ஆனால் பஞ்சு பஞ்சாகவே இருக்கிறது. முறுக்குவதும் நீட்டுவதும் அன்றி, அதன் இயல்பை எவரும் மாற்றுவதில்லை. பஞ்சை நீர் போலக் கரைத்து, அக்கரைசலிலிருந்து புதிய இழையை இழுக்கலாம் என்னும் எண்ணம் 19-ஆம் நூற்றாண்டில்தான் தோன்றியது. அவ்வெண்ணம் தோன்றிச் செயலாகி, அதற்குத் தமிழரும் அவர்தம் அண்டை நாட்டவரும் கொடுத்த விலையும், அதன் பின் இரு நூற்றாண்டுகளின் எல்லையில் தோன்றிய புதிய கரைப்பான்களின் கதையும் இக்கட்டுரையின் பொருள்.

கஞ்சியும் வேட்டியும்

வேட்டிக்குக் கஞ்சி போடுவது வீடுதோறும் நடப்பது. கஞ்சியும் வேட்டியும் ஒரே சர்க்கரையால் ஆனவை என்றால் பலர் நம்பமாட்டார். உண்மை அதுவே. குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு சங்கிலியாக நிற்பதே கஞ்சியில் உள்ள மாவுப்பொருள்; அதே அலகுகள் கோத்துக்கொண்டு நிற்பதே வேட்டியில் உள்ள செல்லுலோஸ். வேறுபாடு கோக்கும் முறையில் உள்ளது. மாவுப்பொருளின் சங்கிலி சுருண்டு வளைந்து கிடக்கும், வெந்நீர் உள்ளே புகும், குழையும். செல்லுலோஸ் சங்கிலியில் அலகுகள் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் அச்சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் விறகுக் கட்டில் கம்புகள் போல நெருங்கி அடுக்குண்டு, ஒன்றையொன்று ஹைடிரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. ஒரு பிணைப்பு மிக மெல்லியது. ஆனால் ஒவ்வோர் அலகுக்கும் சில பிணைப்புகள் வீதம் ஆயிரக்கணக்கான அலகுகள் பற்றி நிற்கையில், நீர் எங்கே நுழைவது? அடுக்குகளுக்கு இடையே நீரை விரும்பாத பரப்புகளும் ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு என்று அண்மைக்கால அறிஞர் சிலர் வற்புறுத்துவர். ஆகவேதான் துவைத்தால் கஞ்சி போகிறது, வேட்டி நிற்கிறது.

மரம் செடி கொடிகளின் உடலிலிருந்து இப்பொருளை 1838-இல் பிரித்துக் காட்டியவர் அன்செல்ம் பாயென் என்னும் பிரெஞ்சு வேதியியலார். பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலும், மரத்தில் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது வரையும் இஃது உண்டு. உலகில் இயற்கை படைக்கும் கரிமப் பொருள்களுள் இதனினும் மிகுதியானது வேறில்லை. இவ்வளவு மலிந்து கிடக்கும் பொருள் உருகாது, கரையாது என்பது அக்கால வேதியியலாரைத் தூங்கவிடவில்லை. உருக்க முயன்றால் கருகியது.

தீயும் நீலமும்

முதலில் கிடைத்தது குறுக்கு வழி. 1846-இல் பாசல் நகரப் பேராசிரியர் சோன்பைன், நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் பஞ்சைத் தோய்த்து வெடிபஞ்சு ஆக்கினார். சிந்திய அமிலத்தை மனைவியின் பருத்தி மேலாடையால் துடைத்து அடுப்பருகே காயவைக்க, அது குப்பென்று பற்றி மறைந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, பொருள் மெய். இவ்வாறு மாற்றிய செல்லுலோஸ், ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் எளிதில் கரைந்தது. கரிமக் கரைப்பான் செல்லுலோஸ் இனப் பொருளை வென்ற முதல் வெற்றி இது எனலாம். ஆயின் வென்றது செல்லுலோஸை அன்று. அதற்கு வேறு உடை உடுத்திய பின் அவ்வுடையையே.

பட்டுப்புழு நோயைப் பாஸ்டர் ஆராய்ந்தபோது அவருக்குத் துணை நின்ற சார்டோனே பிரபு, இக்கரைசலை நுண்ணிய துளை வழியே செலுத்தி இழையாக்கினார். 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அவருடைய செயற்கைப் பட்டு எல்லார் கண்ணையும் கவர்ந்தது. தீப்பொறி பட்டால் ஆடையும் போகும், ஆளும் போவார் என்பதே அதன் குறை. நைட்ரேட்டை நீக்கும் முறை பின்னர் வந்து அக்குறையை ஓரளவு போக்கிற்று.

இடையில், 1857-இல், சுவிட்சர்லாந்துக்காரரான சுவைட்சர் வேறொரு வழி கண்டார். செம்பு ஆக்சைடை அம்மோனியா நீரில் கரைத்தால் ஆழ்ந்த நீல நிறக் கரைசல் கிடைக்கும். அதில் பஞ்சை இட்டால் பஞ்சு மெல்ல மெல்ல மறைந்துவிடும். அமிலம் சேர்த்தால் மீண்டும் வெளிப்படும். இந்நீல வழியில் வந்த இழையை ஜப்பானில் நோபெயோகா நகரில் இன்றும் நூற்கின்றனர். செம்பின் விலை மிகுதியாதலால் இவ்வழி அகன்ற சாலை ஆகவில்லை.

மஞ்சள் தேனும் அதன் ஆவியும்

அகன்ற சாலையை வெட்டியவர் கிராஸ், பெவன், பீடில் என்னும் ஆங்கிலேயர் மூவர். ஆண்டு 1892. அவர்கள் முறை இது: மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பிழிவர். கார்பன் டைசல்பைடு என்னும் நீர்மத்தை அதனோடு சேர்ப்பர். செம்மஞ்சள் நிறத் துகள் உண்டாகும். அதை மீண்டும் காஸ்டிக் சோடா நீரில் இட்டால் தேன் போன்ற கெட்டிக் கரைசல் கிடைக்கும். இதுவே விஸ்கோஸ். இடியாப்ப உரலில் மாவைப் பிழிவது போல, மிக நுண்ணிய துளைகள் உள்ள தட்டின் வழியே இக்கரைசலைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிவர். அமிலம் பட்டவுடன் செல்லுலோஸ் தன் பழைய உருவை அடைந்து இழையாக உறையும். ரேயான் என்று கடையில் வாங்குவது இவ்விழையே. துளைக்குப் பதிலாக நீண்ட பிளவு வைத்தால் கண்ணாடி போன்ற செல்லோபேன் தாள் வரும்.

மலாயாத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்க்கு இவ்வுறைதல் புதிதன்று. பால்மரத்துப் பாலைத் தொட்டியில் ஊற்றி அமிலம் சேர்க்க, அஃது உறைந்து கட்டியாகி, உருளையில் புகுந்து தகடாக வருவதை அவர்கள் சிறு வயது முதல் கண்டவர். இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ரப்பர்ப் பாலில் ரப்பர் துளித்துளியாக மிதக்கிறது, விஸ்கோஸில் செல்லுலோஸ் கரைந்தே நிற்கிறது. எனினும் கண்ணுக்குத் தோன்றும் காட்சி ஒன்றே.

ரப்பருக்கும் இத்தொழிலுக்கும் இதனினும் கொடிய உறவு ஒன்று உண்டு. கார்பன் டைசல்பைடு 46 டிகிரி வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும் பொருள். ரப்பரைப் பதப்படுத்த அதனைப் பாரிஸ் பட்டறைகளில் முன்பே பயன்படுத்தி வந்தனர். அப்பட்டறைத் தொழிலாளர் தலைவலி, கைகால் நடுக்கம், நினைவு தடுமாறல், சித்தக் கலக்கம் ஆகியவற்றால் வருந்துவதை டெல்பெக் என்னும் மருத்துவர் 1856-இல் எழுதி வெளியிட்டார். விஸ்கோஸ் பிறந்தது 1892-இல். அதாவது, அதன் உயிர்நிலையான கரைப்புப் பொருள் மனிதனை என்ன செய்யும் என்பது, அது பிறப்பதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது. அறியாமையால் நேர்ந்த தீங்கு என்று இதனைச் சொல்ல வழியில்லை. தென்கொரியாவில் ஒன்ஜின் ரேயான் என்னும் ஆலை 1993-இல் மூடப்பட்டபோது, அங்குப் பணி செய்து நரம்பும் மூளையும் இதயமும் கெட்டவர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். அவ்வாலையின் இயந்திரங்களோ ஜப்பானில் பழையனவாகிக் கொரியாவுக்கு வந்தவை. மூடிய பின் சீனாவுக்கு விற்கப்பட்டன.

செட்டியாரின் பட்டு

இந்தியாவில் ரேயான் இழையை முதன்முதல் உற்பத்தி செய்தவர் ஒரு தமிழர் என்பது பலர் மறந்த செய்தி. அவர் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார். 1908-இல் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர். 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் இவரே. அவ்வங்கி விரைவில் மலாயாவிலும் கிளை பரப்பியதால் இந்நாட்டு நகரத்தார்க்கும் வணிகர்க்கும் இவர் பெயர் நன்கு தெரிந்திருந்தது. (சென்னைச் சேப்பாக்கம் விளையாட்டரங்கிற்குப் பெயர் தந்த எம். ஏ. சிதம்பரம் வேறொருவர், இருவரையும் ஒருவராக மயங்குவோர் உளர்.)

வங்கியோடு நிற்காமல் சிதம்பரம் செட்டியார் தொழிலில் இறங்கினார். திருவிதாங்கூர் ரேயான்ஸ் என்னும் நிறுவனம் 1946-இல் உருவாகி, பெரும்பாவூருக்கு அருகே ஆலை எழுந்தது. 1950-இல் இந்திய மண்ணின் முதல் ரேயான் இழை அங்கே வெளிவந்தது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு ரேயான்புரம் என்றே பெயர் வழங்கலாயிற்று. விடுதலை பெற்ற நாடு, அந்நிய நாட்டு இழையை எதிர்பாராமல் தன் இழையைத் தானே நூற்க வேண்டும் என்னும் ஆர்வம் பொங்கிய காலம் அது. இராட்டையை ஏந்தியவர்க்கும் ரேயான் ஆலையை நாட்டியவர்க்கும் வழி வேறாயினும் ஆர்வம் அதுவே.

அவர் அதன் வளர்ச்சியை நெடுநாள் காணவில்லை. 1954 மார்ச் 13-ஆம் நாள் சிங்கப்பூர்க் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கிய பிரிட்டிஷ் விமானம் ஒன்று, ஓடுபாதையின் விளிம்பில் மோதித் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பற்றியது. அதில் இருந்த 40 பேருள் 33 பேர் மாண்டனர்; பயணிகளுள் ஒருவரும் பிழைக்கவில்லை. மாண்டவருள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். வயது 45.

அவர் காட்டிய வழியில் பிறரும் நடந்தனர். கோவை மாவட்டத்துச் சிறுமுகையில் தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை பவானி ஆற்றை ஒட்டி எழுந்தது. நீலகிரிச் சரிவுகளில் வளர்த்த தைல மரமும், வாட்டில் எனப்படும் சீகை மரமும் வண்டி வண்டியாக இறங்கி வந்து அங்கே கூழாயின. கேரளத்து மாவூரில், சாலியாற்றங்கரையில், பிர்லா குழுவினரின் குவாலியர் ரேயான்ஸ் 1963 முதல் மூங்கிலைக் கரைக்கத் தகுந்த கூழாக்கியது. அரசு அம்மூங்கிலைத் தொன் ஒன்றுக்கு ஒரு ரூபாய் விலையில் தந்தது என்பதை இன்று படிப்பவர் அச்சுப் பிழை என்றே எண்ணுவர்.

இவ்வாலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அதை மறைத்துப் பேசுவது அறமாகாது. ஆனால் கரைத்த பொருள் இழையாகி வெளியேறிய பின், கரைப்பான் எங்கே போயிற்று? கந்தக ஆவி காற்றில் கலந்தது. உப்பும் அமிலமும் கூழின் கழிநீரும் ஆற்றில் கலந்தன. சாலியாற்றில் மீன் செத்து மிதந்தது. அவ்வாற்றுக்காகப் போராடிய வாழக்காட்டு ஊராட்சித் தலைவர் கே. ஏ. ரகுமான் 1999-இல் புற்றுநோயால் மறைந்தார். பவானி நீரை நம்பிய உழவர்களும் ஊராரும் 1990-களில் சிறுமுகை ஆலையை எதிர்த்து எழுந்தனர். மாவூர் ஆலையும் பெரும்பாவூர் ஆலையும் 2001-இல் மூடப்பட்டன. சிறுமுகை ஆலையும் இன்று இயங்கவில்லை. நட்டம், மூலப்பொருள் தட்டுப்பாடு, தொழிற்பிணக்கு, வெளிநாட்டுப் போட்டி எனக் காரணம் பல கூறுவர், அவை பொய்யல்ல. எனினும் மூன்று ஆற்றங்கரைகளிலும் எழுந்த ஆலைகளை நோக்குமிடத்து, இத்தொழிலின் வலிவும் மெலிவும் செல்லுலோஸில் இல்லை, கரைப்பானில் இருந்தன என்பது தெளிவாகும்.

ஒருவர் திறந்த இரு கதவுகள்

கரைத்த பின் கரைப்பானை முழுவதும் திரும்பப் பெறத்தக்க ஒரு வழி இருந்ததா? இருந்தது. அதுவும் பெரும்பாவூர் ஆலைக்கு அடித்தளம் இடுவதற்கு முன்பே இருந்தது என்பதே இவ்வரலாற்றின் வியத்தகு பகுதி.

சோன்பைன் வெடிபஞ்சு கண்ட அதே பாசல் நகரத்தில், ஒரு வேதித்தொழில் நிறுவனத்தில் சார்லசு கிரேனாக்கர் என்பவர் பணியாற்றினார். 1934-இல் அவர் பெயரில் அமெரிக்காவில் பதிவான காப்புரிமை ஒன்று, உருகிய நிலையில் உள்ள ஒருவகைக் கரிம உப்பில் செல்லுலோஸ் அப்படியே கரையும் என்று கூறுகிறது. பிரிடின் என்னும் கரிமக் கரைப்பானைச் சேர்த்துக்கொண்டால் வேலை எளிதாகும் என்பதும் அதில் உண்டு. செல்லுலோஸுக்கு வேறு உடை உடுத்த வேண்டுவதில்லை, கந்தகம் வேண்டுவதில்லை, நீர் சேர்த்தால் செல்லுலோஸ் வெளிப்படும். இஃது ஒரு கதவு. 1939-இல் அவரே சால்மன் என்பவரோடு சேர்ந்து, அமீன் ஆக்சைடு என்னும் வேறோர் இனப் பொருளும் செல்லுலோஸைக் கரைக்கும் என்று மற்றொரு காப்புரிமை பெற்றார். இது மறு கதவு.

இரு கதவுகளையும் திறந்தவர் ஒருவரே. இரண்டின் வழியேயும் எவரும் உள்ளே செல்லவில்லை. அவ்வுப்புகள் அரியன, விலை மிக்கன. கார்பன் டைசல்பைடோ கரியும் கந்தகமும் கொண்டு மலிவாகச் செய்வது. ஆவியாகிப் போனாலும் முதலாளிக்குப் பெரு நட்டமில்லை. அவ்வாவியை மூச்சில் வாங்கியவர் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. மலிவான கரைப்பானை மீட்க எவரும் முனையார். விலை மிக்க கரைப்பானையோ மீட்டே தீர வேண்டும். கிரேனாக்கரின் கண்டுபிடிப்பு நெடுங்காலம் உறங்கியதற்கு இக்கணக்கே தலையாய காரணம் என்று கருத இடமுண்டு.

மறு கதவு முதலில் திறந்தது. 1969-இல் அமெரிக்கக் கோடாக் நிறுவனத்து ஜான்சன், என்-மெத்தில்மார்ஃபோலின் ஆக்சைடு என்னும் அமீன் ஆக்சைடு செல்லுலோஸைக் கரைப்பதைக் காட்டினார். அமெரிக்கன் எங்கா நிறுவனம் அதை இழையாக்க உழைத்துப் பின் கைவிட்டது. இங்கிலாந்தின் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் விடாது முயன்று, 1992-இல் அமெரிக்காவின் மொபீல் நகரில் ஆலை திறந்தது. ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் 1997-இல் தன் ஆலையைத் திறந்தது. லயோசெல் என்று இன்று துணிக்கடைகளில் வழங்கும் இழை இதுவே. இதில் கரைப்பானில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் மீண்டும் பயன்படுகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அக்கரைப்பான் வெடிப்பாகச் சிதையக்கூடும் என்பதால், காவல் மிகுந்த கட்டுப்பாட்டோடு அதனைக் கையாள்கின்றனர். லென்சிங் நிறுவனம் 2022-இல் தாய்லாந்தின் பிராச்சின்புரியில் திறந்த ஆலை ஆண்டுக்கு ஒரு லட்சம் தொன் இழைக்காக அமைக்கப்பட்டது.

இக்காலத்திலேயே கரிமக் கரைப்பான்களைக் கொண்டும் முயன்றனர். டைமெத்தில் அசிட்டமைடு என்னும் கரைப்பான் தனித்து நின்றால் செல்லுலோஸை ஒன்றும் செய்யாது. லித்தியம் குளோரைடு உப்பைச் சேர்த்தால் கரைத்துவிடும். மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெக்கார்மிக் என்பவர் இதனை ஆராய்ந்து 1981-இல் காப்புரிமை பெற்றார். ஆலைக்கு இம்முறை ஏறவில்லை. ஆனால் செல்லுலோஸ் சங்கிலியின் நீளத்தை அளக்க ஆய்வுக்கூடங்கள் இன்றும் இதையே நாடுகின்றன. உப்பிலுள்ள குளோரைடு அயனி, சங்கிலிகளின் ஹைடிரஜனைத் தான் பற்றிக்கொண்டு, அவை ஒன்றையொன்று பற்றியிருந்த பிடியைத் தளர்த்துகிறது. கரிமக் கரைப்பான், விடுபட்ட சங்கிலிகளை விலக்கி நிறுத்துகிறது. இருவர் சேர்ந்து செய்யும் வேலை.

உருகிய உப்பு

உப்பு என்றவுடன் சமையல் உப்பு நினைவுக்கு வரும். அது உருக 801 டிகிரி வெப்பம் வேண்டும். அதன் அயனிகள் சிறியன. ஒழுங்காக அடுக்குண்டு இறுகப் பிடித்திருக்கும். ஓர் அயனி பெரியதாகவும் கோணலாகவும் இருந்தால் அடுக்கு ஒழுங்காக அமையாது. குறைந்த வெப்பத்திலேயே உப்பு உருகிவிடும். 12 டிகிரியிலேயே உருகும் உப்பு ஒன்றைப் பவுல் வால்டன் 1914-இல் அறிவித்தார். நூறு டிகிரிக்குக் கீழ் உருகி நிற்கும் இத்தகைய உப்புகளை அயனித் திரவங்கள் என்பர். நீரும் ஆல்கஹாலும் போல இவை எளிதில் ஆவியாவதில்லை. தொழிலாளியின் மூக்கை நோக்க, இது பெரிய செய்தி.

2002-இல் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸ் குழுவினர், இமிடசோலியம் இனத்து அயனித் திரவம் ஒன்றில் செல்லுலோஸைக் கரைத்துக் காட்டினர். சூடேற்றினால் நூற்றுக்குப் பத்துப் பங்கும், நுண்ணலை அடுப்பில் இடைவிட்டுச் சூடேற்றினால் இருபத்தைந்து பங்கு வரையும் கரைந்தது. நீரை ஊற்றியதும் செல்லுலோஸ் வெளிவந்தது. இப்பணிக்காக 2005-இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் பரிசு ராஜர்ஸுக்குக் கிடைத்தது. கிரேனாக்கரின் முதற்கதவு திறக்க 68 ஆண்டுகள் ஆயின.

அதன் பின் ஆய்வுகள் பெருகின. குளோரைடு உலோகத்தை அரித்தமையால் அசிட்டேட்டு உப்புகளை நாடினர். அயனித் திரவம் தேனினும் கெட்டியாக நின்றமையால், டைமெத்தில் சல்பாக்சைடு போன்ற கரிமக் கரைப்பானைத் துணைக்கு அழைத்தனர். துணைக் கரைப்பான் சேர்ந்ததும் திரவம் இளகிச் செல்லுலோஸுக்குள் விரைந்து புகுந்தது. வேண்டிய உப்பின் அளவும் குறைந்தது. அளவு மீறிச் சேர்த்தால் கரைக்கும் ஆற்றலே போய்விடும். 1934-இல் கிரேனாக்கர் பிரிடினைச் சேர்த்ததும் இதே நோக்கத்தோடுதான். புதியது என்று எண்ணியது பழைய தாளில் எழுதியிருந்தது.

பின்லாந்தில் ஆல்டோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சிக்ஸ்டாவும் அவர் குழுவினரும், அயான்செல் என்னும் முறையால் பிர்ச்சு மரக்கூழையும் பழந்துணியையும் கரைத்து வலிய இழை நூற்றனர். 2018 டிசம்பர் 6, அந்நாட்டு விடுதலை நாள் விருந்தில், குடியரசுத் தலைவரின் மனைவி அவ்விழையால் ஆன ஆடை அணிந்து வந்தார்.

இவற்றை எல்லாம் 'பசுமைக் கரைப்பான்' என்று பாராட்டுவோர் மிகுதி. அப்பாராட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆவியாகாத பொருள் காற்றைக் கெடுக்காது; ஆனால் ஆற்றில் கலந்தால் கெடுக்கும். அயனித் திரவங்களுள் சில நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகின்றன. சில எளிதில் மட்குவதுமில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ செல்லுலோஸைக் கரைக்க ஏழு கிலோ கரைப்பான் கொள்வதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மீட்டாலும் எழுபது கிராம் போய்விடுகிறது. ஆயிரம் கிலோ இழைக்கு எழுபது கிலோ. தொண்ணூற்றொன்பதரை பங்கு மீட்டால் முப்பத்தைந்து கிலோ. அந்த அரைப் பங்குக்காக எத்தனை பொறியியலார் உழைக்க வேண்டும் என்பதைத் தொழில் அறிந்தவர் அறிவர். மேலும், செல்லுலோஸை வெளிப்படுத்த ஊற்றிய நீரை எல்லாம் பின்னர்க் காய்ச்சி வெளியேற்றினால்தான் கரைப்பான் மீண்டும் வேலை செய்யும். அதற்கு எரிபொருள் செலவு.

இதற்கிடையே விஸ்கோஸ் மறைந்துவிடவில்லை. உலகில் செல்லுலோஸைக் கரைத்து நூற்கும் இழையில் இன்றும் பெரும்பகுதி அதுவே. சிறந்த ஆலைகள் கந்தக ஆவியைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. எல்லா ஆலைகளும் சிறந்தவை அல்ல.

மலேசியாவில் பால்மரம் நின்ற நிலத்தில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. மலாக்கா மாநிலத் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. ஆலையில் பழம் உதிர்த்த பின் எஞ்சும் வெறுங்குலை, வந்த குலையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். முன்பு அதை எரித்தனர். இப்போது பெரும்பாலும் மரத்தடியில் உரமாகப் பரப்புகின்றனர். அதன் நாரிலும் செல்லுலோஸ் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும், பேராக்கு மாநிலத்துப் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அயனித் திரவங்களுக்கென்றே ஆய்வு மையங்கள் அமைந்தன. செம்பனைக் கழிவைக் கரைப்பதும் ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாயிற்று. பருத்தியைப் போல வெறுங்குலை தூயதன்று. லிக்னின் என்னும் பிசின் செல்லுலோஸைச் சுற்றி ஒட்டியிருக்கிறது. நாரின் மேல் மணல் போன்ற சிலிக்காத் துகள்கள் பதிந்திருக்கின்றன. நாரைக் கரைக்கும் திரவம் லிக்னினையும் ஓரளவு கரைத்துக்கொண்டு கறுத்துவிடுகிறது. கறுத்த அத்திரவத்தை மீண்டும் தெளியவைத்து, அடுத்த முறைக்கும் அதற்கடுத்த முறைக்கும் பயன்படுத்துவது எப்படி என்பதிலேயே இப்போது ஆய்வாளர்களின் நாள்கள் கழிகின்றன.